காலை பத்து இருபதுக்குப் பெய்த மழை

மழைக்கு மணி பார்க்கத் தெரியாது என்றுதான் ஹெப்சிபா அதுவரை நினைத்திருந்தாள். நூற்றுப் பதினேழாம் வட்டாரத்தின் பழைய பதிவுகளைத் திறந்தபோது அந்த நினைப்பில் மண் விழுந்தது. பங்குனி தொடங்கி வைகாசிக் கடைசி வரை அங்கே தினமும் காலை பத்து இருபதுக்கு மழை பெய்திருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு நிமிடத்துக்குள் ஐந்து மில்லிமீட்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெய்யவில்லை. வார விடுமுறை எடுத்துக்கொள்ளும் மழையை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

அதற்குப் பிறகு ஒரேயடியாகப் பூச்சியம். பதினெட்டு நாட்களாக ஒரு சொட்டுகூட இல்லை.

வான்பங்கீடு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மேய்ப்பன் என்று பெயர் வைத்த ஆளில்லா விமானங்கள் கடல் மேலே கூட்டம் கூடும் மேகங்களை ஓட்டிக்கொண்டு வந்து, தண்ணீர் குறைந்த வட்டாரத்தின் மேல் இறக்கிவிடும். எங்கே குறைவு என்பதை மனிதர்கள் முடிவு செய்யக் கூடாது. பழைய நாட்களில் அமைச்சர்கள் தங்கள் தொகுதிக்கு மேகத்தை இழுத்துக்கொண்டு போன கூத்தெல்லாம் நடந்து, வழக்காகி, கடைசியில் ஒரு சட்டம் வந்தது. வானத்தில் தெரிவது கணக்கில்லை, மண்ணில் விழுந்து மழைமானி சொல்வதுதான் கணக்கு. தினமும் பிற்பகல் மூன்று மணிக்குத் தலைமைக் கணினி எல்லா மழைமானிகளையும் கேட்டுவிட்டுப் பங்கு போடும். அதன் மேல் யாரும் கை வைக்க முடியாது.

அந்த மழைமானிகளை இந்த மண்டலம் முழுக்க மாட்டியவள் ஹெப்சிபா. மேலே ஒரு புனல், அதன் அடியில் சீசா பலகை மாதிரி இரண்டு பக்கமும் சாயும் குட்டித் தொட்டி. ஒரு பக்கம் நிறைந்ததும் கவிழும், மறுபக்கம் ஏந்திக்கொள்ளும். ஒவ்வொரு முறை கவிழும்போதும் அதில் ஒட்டிய காந்தம் ஒரு கண்ணாடிச் சாவியை, அதாவது காந்தம் நெருங்கினால் ஒட்டிக்கொள்ளும் குட்டி சுவிட்சை, கடந்து போகும். சாவியிலிருந்து இரண்டு ஒயர், தீப்பெட்டி அளவுக் கணினி ஒன்றுக்குள் போகும். ஒரு சொடுக்கு என்றால் கால் மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவான மழை. வேறு ஒன்றுமே இல்லை.

ஆனால் அந்த இரண்டு ஒயரை இணைத்தபோது அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சாவி ஒட்டும்போது லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்தையும் கணினி மழையாக எண்ணி, ஒன்றுக்கு மூன்றாகச் சொல்லும். எதைக் காதில் வாங்க வேண்டாம் என்று அந்தத் தீப்பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்க அவளுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. தன் வீட்டு மொட்டைமாடியில் மாட்டிய முதல் மழைமானியில்தான் அதைச் செய்து முடித்தாள். அன்றைக்கு அவள் அம்மாவைக் கூப்பிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, திரையில் எண் ஏறுவதைக் காட்டிச் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது.

"என்னம்மா, நூத்திப் பதினேழுல மூணு நாளா மழை கொட்டுதுன்னு போன் மேல போன். மெஷின் என்னடான்னா அங்க பூச்சியம்னு சொல்லி இன்னும் மேகத்தை அனுப்புது" என்றார் மண்டல அதிகாரி தேவசகாயம், அவள் மேசைக்கு வந்து நின்று.

"மானி கெட்டிருக்கணும் சார். ஆனா அதுக்கு முந்தி இதைப் பாருங்க." அவள் பத்து இருபது மழையைக் காட்டினாள்.

தேவசகாயத்தின் முகம் சிவந்தது. வான்பங்கீட்டை யாராவது குறை சொன்னால் தன் வீட்டுப் பெண்ணைக் குறை சொன்ன மாதிரி கோபப்படுவார். மகள் கல்யாணத்துக்குத் தெருவை அடைத்துப் பந்தல் போட்டபோது, முந்தின நாள் வரை தூறிய மழை அன்றைக்கு ஒரு பொட்டு விழாமல் இருந்ததை அலுவலகத்தில் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. அது நியாயம் பார்த்துப் பெய்கிறது என்பது அவர் கட்சி. வருடா வருடம் புகார் மனுக்கள் குறைந்துவருவதைச் சுவரில் வரைபடமாகவே மாட்டியிருந்தார்.

"எவனோ தண்ணிய ஊத்தியிருக்கான். மானியில கை வச்சா வழக்கு. போய்ப் பாத்து, பேரோட வாங்க. அப்படியே ஒரு நிமிஷத்துல விழுற மழையை எண்ணாம விடுற மாதிரி ஒரு புரோகிராம் எழுதி எல்லா மானிக்கும் அனுப்பிருங்க."

"அஞ்சு வரி சார். எழுதிரலாம்" என்றாள் ஹெப்சிபா. ஆள் யார் என்பதைவிட, ஏன் பத்து இருபது என்பதுதான் அவளைக் குடைந்துகொண்டிருந்தது.

நூற்றுப் பதினேழில் இரண்டு ஊர் உண்டு. மேற்கே வேப்பங்காடு, மானாவாரி நிலம். கிழக்கே கீழளம், கண்ணுக்கு எட்டிய தூரம் உப்புப் பாத்தி. மழைமானி நின்றது கீழளத்தில், உடைமரங்கள் இல்லாத வெட்டவெளி வேண்டும் என்பதால் ஹெப்சிபா தேர்ந்தெடுத்த இடத்தில். ஸ்கூட்டரில் அவள் போய்ச் சேர்ந்தபோது பத்தரை மணி. தூறல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. ஆனி மாதம் உப்பு வெளுத்துக் கிடக்க வேண்டிய பாத்திகளில் சாம்பல் நிறத்தில் தண்ணீர் நின்றது. ஏழெட்டுப் பெண்கள் உப்பு அம்பாரத்தின் மேல் ஓலைக் கீற்றையும் தார்ப்பாயையும் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்பாரத்தின் அடிப்பக்கம் கரைந்து, வெள்ளைத் தண்ணீராக வாய்க்காலில் ஓடியது.

அவர்களில் மூத்தவள் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துப் பிழிந்தபடி வந்தாள். சண்முகக்கனி, உப்பளத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. ஐம்பது வயதிருக்கும். வெயிலிலும் உப்பிலும் கண் இடுங்கிப்போயிருந்தது.

"மழை ஆபீசுதான? வாங்க மேடம். உங்க மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு. இன்னும் ரெண்டு நாள் இப்படிப் பேஞ்சா இந்த வருசத்து வேலை முடிஞ்சிது. அம்பாரமும் போச்சு, பாத்தியும் போச்சு. மறுபடி உப்பு இறங்க ரெண்டு மாசம் ஆவும், அதுக்குள்ள ஐப்பசி மழை வந்துரும்."

ஹெப்சிபா நேராக மழைமானியிடம் போனாள். முதலில் கணினிப் பெட்டியைத் திறந்து, இரண்டு ஒயரின் முனைகளையும் திருப்புளியால் தொட்டு இணைத்தாள். பச்சை விளக்கு ஒரு முறை சிமிட்டியது; கணினி ஒரு மழையை எண்ணிக்கொண்டது. அப்படியானால் அதன் மேல் குற்றமில்லை. பிறகு புனலைக் கழற்றினாள். உள்ளே பார்த்ததும் அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. குட்டித் தொட்டி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கட்டி இருந்தது. தொட்டியும் அச்சும் காந்தமும் அதற்குள் அசையாமல் உறைந்திருந்தன. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"கடல் காத்துல இவ்வளவு உப்பு வராது யக்கா" என்றாள் திரும்பாமலே.

நகத்தால் சுரண்டிய தூளைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"பத்து இருபதுக்கு நீங்க என்ன செய்வீங்க?"

"கஞ்சி குடிப்போம்" என்றாள் சண்முகக்கனி. "விடிய முந்தி இறங்குத ஆளுங்க. அந்நேரம்தான் கரையேறுவோம்."

"குடிச்சிட்டு?"

சண்முகக்கனி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்ட மாதிரி இருந்தது. "ஒரு டம்ளர் ஊத்துவோம். ஆளுக்கு ஒரு நாள், முறை வச்சி. இன்னைக்கும் ஊத்திட்டுத்தான் வாரோம். போலீசக் கூப்பிடணும்னா கூப்பிடுங்க, என் பேரை மட்டும் எழுதிக்கிடுங்க."

"எதுக்கு ஊத்துனீங்க?"

"எதுக்கா? போன வருசம் வைகாசியில உங்க மேகம் வந்து அம்புட்டையும் கரைச்சிட்டுப் போச்சு. ஆபீசுக்கு வந்தேன். ஒரு பாரத்தைக் குடுத்து நிரப்பச் சொன்னாவ. அதுல எத்தனை மழை வேணும்னு மட்டும் கேட்டிருக்கு. மழை வேண்டாம்னு சொல்ல ஒரு கட்டம் இல்ல. எழுதிக் குடுத்தா, உலகத்துல எவனாவது மழை வேண்டாம்பானான்னு சிரிக்காவ. அப்பந்தான் நீங்க சொன்னது ஞாபகம் வந்துது."

"நானா?"

"இதை மாட்டுத அன்னைக்கு எங்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுனியள்லா. ஒரு டம்ளர் ஊத்திட்டு, பாருங்க, மழை பேஞ்சிருக்குன்னு நினைச்சிக்கிடும், இனி இன்னைக்கு அனுப்பாதுன்னு சொன்னிய. எங்க பேச்சு யாருக்கும் விளங்கல. அதுக்கு விளங்குத பேச்சு தண்ணிதான்னு நாங்க அதுகிட்டயே சொல்லிக்கிட்டோம்."

ஹெப்சிபாவுக்கு முகம் சூடாயிற்று. அவள் ஒவ்வொரு ஊரிலும் அப்படித்தான் காட்டியிருந்தாள். கூட்டம் கூடி வாய் பிளந்து பார்ப்பதில் அவளுக்கு ஒரு பெருமை.

"சரி, உப்புத் தண்ணிய ஏன் ஊத்துனீங்க? அதனாலதான் இறுகிப்போச்சு. நீங்க ஊத்துறது எதுவும் இப்ப அதுக்குத் தெரியாது. பெய்யுற மழையும் தெரியாது. மழையே இல்லைன்னு நினைச்சு அனுப்பிக்கிட்டே இருக்கு."

சண்முகக்கனி வாயைப் பொத்திக்கொண்டாள். மற்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "முந்தி நல்ல தண்ணிதான் பிள்ள ஊத்துனோம்" என்றாள் அவள். 'மேடம்' எப்போது கழன்றது என்று இருவருமே கவனிக்கவில்லை. "குடிச்சி மிஞ்சுனதை. இப்பம் மிஞ்சலை. வேப்பங்காட்டுக் கிணத்துலதான எங்களுக்குக் குடிதண்ணி. மாசிக்கு முந்தி கை எட்டுத தூரத்துல கிடந்த தண்ணி, இப்பம் கயிறு பத்து முழம் கூட வேண்டியிருக்கு. ஊர்க்காரவ ஆளுக்கு ஒரு குடம்தான்னு சொல்லிட்டாவ. அவிய கம்பும் உளுந்தும் கருகிப்போச்சு, அவியளைக் குறை சொல்ல முடியாது. குடிக்கவே காணல, மெஷினுக்கு எங்க ஊத்த? பாத்தித் தண்ணிய மோந்து ஊத்துனோம்."

ஹெப்சிபா புனலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சொல்லாமல் போய்விடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. ஆனால் அவளுக்குத் தெரிந்ததை இந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் வைப்பது அநியாயம் என்று பட்டது.

"யக்கா, வேப்பங்காட்டுக்குத் தனி மானி கிடையாது. ரெண்டு ஊருக்கும் இது ஒண்ணுதான்."

"அப்படின்னா?"

"இங்க மழை பெய்ஞ்சதுன்னு இது சொன்னா, அங்கயும் பெய்ஞ்சதாத்தான் கணக்கு. மூணு மாசமா தினமும் அஞ்சு மில்லிமீட்டர்."

சண்முகக்கனிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தக் கிணத்தை நாங்கதான் வத்தடிச்சோமா" என்றாள். "நெதமும் அந்தக் கிணத்தடி வீட்டு வாசல்ல போய் நின்னு தண்ணிக்குக் கெஞ்சினேனே பிள்ள. அந்த வீட்டுக்காரி வாய் திறக்காம தன் பங்குல அரைக்குடம் ஊத்துனாளே."

அவளுக்கு அழுகை வந்தது. தூறலில் அது தனியாகத் தெரியவில்லை. ஹெப்சிபா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று ஆகியிருந்தது. மூன்று மணிக்குத் தலைமைக் கணினி மறுபடி பங்கு போடும். அதற்குள் மானி பேச வேண்டும். இல்லையென்றால் இன்று ராத்திரியும் மேய்ப்பன்கள் வரும்.

"கழுவணும்" என்றாள். "நல்ல தண்ணி வேணும்."

சண்முகக்கனி எழுந்தாள். கொட்டகைக்குள் போய், ஈரத்துணி போட்டு மூடிய குடத்தை எடுத்துவந்து அவள் முன் வைத்தாள். அன்றைக்கு எல்லோரும் குடிக்க வைத்திருந்த தண்ணீர் அது.

ஹெப்சிபா இரண்டு ஒயரையும் கழற்றினாள். கழுவும் தண்ணீர் கணக்கில் ஏறக் கூடாது என்பது விதி. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து, அச்சை விடுவித்து, சாவியைத் துடைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. தொட்டியை விரலால் தட்டினாள். டக் என்று சாய்ந்து நின்றது. ஒயரை மாட்டினாள். தூறல் நிறைந்து அது தானாகக் கவிழ்ந்தது. பச்சை விளக்கு சிமிட்டியது. பெண்களில் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இது பத்தாது" என்றாள் ஹெப்சிபா. "இனிமே பெய்யுறதைத்தான் எண்ணும். மூணு நாளாப் பெய்ஞ்சது அதுக்குத் தெரியாதே. இன்னும் காய்ஞ்சு கிடக்குன்னுதான் நினைக்கும். எவ்வளவு பெய்ஞ்சதுன்னு தெரிஞ்சா பரவாயில்ல. குடம், சட்டி எதையாவது வெளியில வச்சிருந்தீங்களா?"

"சட்டியெல்லாம் எதுக்கு?" என்றாள் சண்முகக்கனி. கொட்டகைச் சுவரில் தொங்கிய கண்ணாடிக் குழாயை எடுத்துவந்தாள். அடியில் ஈயக் குண்டு, மேலே கோடுகள். பாத்தித் தண்ணீரில் மிதக்கவிட்டு உப்பு எத்தனை டிகிரி என்று பார்ப்பது. "மழைக்கு முந்தி பெரிய பாத்தியில ஆறு அங்குலம் தண்ணி, இருபத்திநாலு டிகிரியில நின்னுது. மழை தொடங்குத அன்னைக்கே அதோட மடையை அடைச்சாச்சு, உள்ளயும் வராது வெளியயும் போவாது. இப்பம் பாரு."

குழாய் மிதந்து நின்ற கோடு பத்தொன்பது.

ஹெப்சிபா குனிந்து அந்தக் கோட்டை இன்னொரு முறை பார்த்தாள். இந்த அளத்தில் ஒரு மழைமானியைத்தான் மாட்டியதாக அவள் நினைத்திருந்தாள். இங்கே ஏற்கெனவே ஒன்று ஆறு அங்குல ஆழத்தில் பரந்து கிடந்தது. உப்பு அதே உப்பு, தண்ணீர்தான் கூடியிருக்கிறது. கைபேசியில் கணக்குப் போட்டாள். தோராயமாக நாற்பது மில்லிமீட்டர். அவள் மானியின் வாய்க்கு அது எட்டு டம்ளர்.

குடத்தில் மிச்சமிருந்ததை டம்ளரில் மோந்து, அவளே புனலில் ஊற்றினாள். ஒவ்வொரு டம்ளரும் வடிய நேரம் கொடுத்து, நிதானமாக. டக், டக் என்று தொட்டி சாய்ந்துகொண்டே இருந்தது.

"இதைத்தான பிள்ள நாங்களும் செஞ்சோம்" என்றாள் சண்முகக்கனி, கொஞ்சம் குறும்பாகவே.

"இது பெய்ஞ்ச மழை யக்கா."

"நாங்க ஊத்துனது பெய்ய வேண்டாம்னு சொன்ன மழை. சரி, ஊத்து."

சாயங்காலம் நான்கரைக்கு மேகம் தெற்கே நகர்ந்தது. அம்பாரத்தில் கால்வாசி போயிருந்தது; முக்கால்வாசி நின்றது. சண்முகக்கனி அதைப் பார்க்கவில்லை. காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேப்பங்காட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். அந்த வீட்டுக்காரியிடம் தானே சொல்லப்போகிறாளாம்.

மறுநாள் காலை ஹெப்சிபா அந்த ஐந்து வரியை எழுதினாள். நடுக்கத்தைக் காதில் வாங்காதே என்று முன்பு சொன்ன மாதிரி, ஒரு நிமிடத்தில் விழும் மழையைக் காதில் வாங்காதே என்று சொன்னால் போதும். அனுப்பும் முன் பழைய பதிவுகளில் ஓட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். மண்டலத்தின் ஆயிரத்து நூறு மானிகளையும் போட்டுத் தட்டினாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு மானிகள் திரையில் வந்து நின்றன.

அவள் ஒவ்வொன்றாகத் திறந்து, வரைபடத்தில் இடத்தைப் பார்த்தாள். செங்கல் சூளை, காலை ஏழு மணி மழை. கருவாடு காயப்போடும் கடற்கரை, ஆறு மணி. அப்பளத் தெரு. ஒரு பள்ளிக்கூட மைதானம். வருடத்துக்கு ஒரே மழை, விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள். ஒரு கோயில் வாசல். தேரோட்டத்துக்கு முந்தின நாள். இன்னொரு பக்கம், இந்தப் பட்டியலுக்கு வெளியே, அக்கம்பக்கமெல்லாம் நனைந்தபோதும் ஒரு சொட்டுகூட எண்ணாத மானிகள் அறுபது. புனல் மேல் சட்டியைக் கவிழ்த்துவிட்டு நெல்லுக்குத் தண்ணீர் கேட்ட ஊர்கள். வருடம் ஏற ஏற இவை கூடிக்கொண்டே வந்தன. சுவரில் தேவசகாயம் மாட்டிய வரைபடத்தில் புகார்கள் குறைந்த அதே வேகத்தில். நியாயம் பார்த்துப் பெய்கிறது என்று ஊரெல்லாம் மெச்சிய இயந்திரத்துக்கு, ஊர்தான் டம்ளர் டம்ளராக நியாயம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. அதில் எத்தனை வேப்பங்காடுகள் வாய் திறக்காமல் காய்ந்தன என்பது எந்த வரைபடத்திலும் இல்லை.

பட்டியலின் முதல் வரியை அவள் கடைசியில்தான் பார்த்தாள். மானி எண் ஒன்று. சித்திரை, வைகாசி, சனிக்கிழமை தோறும் காலை எட்டரை. அவள் வீட்டு மொட்டைமாடி.

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"வடகம் காயப்போடுத அன்னைக்குப் பாத்து மேகத்தை அனுப்புதிய. நான் என்னட்டி செய்ய?" என்றாள் அம்மா, தயக்கமே இல்லாமல். "நீதான ஊத்திக் காட்டுன."

தேவசகாயம் வந்து நின்றார். "பேரு கிடைச்சுதாம்மா? வழக்கு எழுதணும்."

"கிடைச்சுது சார். முந்நூத்திப் பன்னெண்டு. முதல்ல எங்க அம்மா பேரை எழுதிக்கோங்க." திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் நின்றபடியே படிக்கத் தொடங்கினார். பாதியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சூளை, கருவாடு, தேரோட்டம் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிக் கேட்பது போல மெதுவாகக் கேட்டார்.

"எங்க தெரு மானி எத்தனாம் நம்பர்?"

"நாப்பத்தொண்ணு சார்."

"மக கல்யாணத்துக்கு முந்தின நாள்..."

ஹெப்சிபா ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள். "மத்தியானம் ரெண்டரைக்கு. ஆறு டம்ளர்."

"அந்நேரம் வீட்டுல என் சம்சாரம் மட்டும்தான் இருந்தா" என்றார் தேவசகாயம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுவரில் இருந்த வரைபடத்தை ஒரு முறை பார்த்தார். "அந்த அஞ்சு வரியை அனுப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல சார்."

"அனுப்பாதீங்க. மழை கேக்குறவங்களுக்குக் குடுக்குற பாரத்தை எடுங்க. மழை வேண்டாம்னு சொல்ல ஒரு கட்டம் போடணும். பக்கத்து ஊருக்கு என்ன வேணும்னு கேட்க இன்னொரு கட்டம்."

ஹெப்சிபா படிவத்தைத் திறந்தாள். அவர் எழுந்து போகவில்லை.

"அதுவரைக்கும் ஒண்ணு செய்யலாம்" என்றார் குரலைத் தாழ்த்தி. "உப்புத் தண்ணி மட்டும் ஊத்த வேண்டாம்னு எல்லாருக்கும் சொல்லிவிடுங்க."